ஒரு மணிக்குச் சாப்பிடுகிறவள்

வாருங்கள், இன்னும் கிட்ட வாருங்கள். சுவரோரம் சாய்ந்திருக்கிறவர்களும் கொஞ்சம் நகர்ந்து வந்து உட்காருங்கள், என் குரல் முன்போல அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். யாராவது சாப்பிடாமல் வந்திருந்தால் இப்போதே எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கதை எங்கும் ஓடிவிடாது, நான் காத்திருப்பேன். காலி வயிற்றோடு கேட்கிற கதை இல்லை இது. தன் சாப்பாட்டு வேளையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒருத்தியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கேட்டு முடித்ததும் உங்களுக்கு அவள்மேல் பிரியம் வராவிட்டால் என்னை வந்து கேளுங்கள்.

சாப்பிட்டாயிற்றா? சரி, என் செல்லங்களே, கேளுங்கள்.

நாலு சாலை வந்து முட்டும் இடத்தில் ஒரு கடை இருந்தது. கோழி பொரித்து, கிழங்கு பொரித்து, பன்னுக்கு நடுவே வைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிற கடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே சிவப்பு நாற்காலிகள். பக்கவாட்டில் ஒரு ஜன்னல், காரை விட்டு இறங்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு. பின்பக்கம் சமையலறை. அந்தக் கடையின் வாசனை இருக்கிறதே, அது சிக்னலில் நிற்கிற பஸ்ஸுக்குள்ளேயே ஏறி, ஆளைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வரும். நான் அந்தத் தீனியைத் திட்டப் போவதில்லை. எனக்கும் பிடிக்கும். பொய் சொல்வானேன்?

சமையலறையில் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. ஃப்ரைஸ் எண்ணெயில் இவ்வளவு நேரம், வெளியே எடுத்து விளக்குச் சூட்டில் இவ்வளவு நேரம், அது தாண்டினால் குப்பை. பன் வாட்டுகிற பெட்டி ஒரு மாதிரி கூவும், கோழிப் பெட்டி வேறு மாதிரி கூவும். கிழங்குக்கு நேரம் உண்டு, கோழிக்கு நேரம் உண்டு. அதைப் பொரித்து எடுக்கிறவளுக்கு மட்டும் நேரம் கிடையாது.

எண்ணெய்த் தொட்டிகளுக்கு மேலே ஒரு திரை தொங்கும். வாடிக்கையாளர் கேட்டதெல்லாம் அதில் கட்டம் கட்டமாக விழும். முதலில் பச்சை. கொஞ்சம் தாமதமானால் மஞ்சள். இன்னும் தாமதமானால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் கடைக்குக் கெட்ட பெயர், ஏனென்றால் ஊரில் இருக்கிற அதே கம்பெனிக் கடைகளுக்குள் யார் வேகம் என்று போட்டி. வேலைக்குச் சேருகிற எவரும் முதல் நாள் கேட்கிற கேள்வி, "எப்போ சாப்பிடலாம்?" அதற்கு அங்கே ஒரே பதில்தான்: "திரை காலியானதும்."

திரை காலியாகுமா? நாலு சாலை சேருகிற இடத்தில்? விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை ஒரு கட்டம் போனால் ரெண்டு கட்டம் வரும். அதனால் அங்கே வேலை பார்த்தவர்கள் சாப்பிடவே இல்லை, கொறித்தார்கள். விளக்குச் சூட்டில் நேரம் தாண்டிக் குப்பைக்குப் போகிற ஃப்ரைஸில் ஒரு பிடி, குளிர் அறையின் கதவுக்குப் பின்னால் நின்றபடி. அதன்மேல் ஒரு மடக்கு சோடா. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டம். பணியாளர் அறை என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதில் காகிதக் கோப்பை அட்டைப்பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. கோப்பைகள் சொகுசாக உட்கார்ந்திருந்தன, மனிதர்கள் நின்றார்கள்.

அந்த எண்ணெய்த் தொட்டிகளுக்கு ராணி ஒருத்தி இருந்தாள். கம்பிக் கூடையை எண்ணெயில் இறக்குவதும் தூக்கி உதறுவதும் அவள் வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் கூடையக்கா. தோள் அகலம், குரல் அகலம். மூன்று தொட்டியையும் தனியாகப் பார்ப்பாள். பக்கத்து ஜன்னலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கார்க்காரர்களோடு பேசுகிறவர் வயதில் பெரியவர், ஜன்னல் அண்ணன். முன்பக்கம் பணம் வாங்குகிற பெண் சில்லறை. "சில்லறையா குடுங்க, சில்லறையா குடுங்க" என்று நாள் முழுக்கக் கெஞ்சியதில் வந்த பெயர். இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு மேனேஜர், இளவட்டம், ஒல்லி. பேச்சுக்குப் பேச்சு வினாடிக் கணக்குத்தான். அதனால் அவன் பெயர் வினாடி. நேருக்கு நேர் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவனுக்கும் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் வயிற்றெரிச்சல் மாத்திரை வைத்திருப்பான். மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டே இருப்பான்.

கூடையக்காவுக்கு ஒரு நாள் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. வார்டு சுகாதார நிலையத்தில் ஒரு மூத்த நர்ஸ் இருந்தாள். மருந்து கொடுப்பதைவிடத் திட்டுவது அதிகம் என்பதால் அந்த வட்டாரத்துக்கே அவள் டோஸ் அக்கா. அவள் சீட்டைப் பார்த்தாள், கூடையக்காவைப் பார்த்தாள்.

"மத்தியானம் என்ன சாப்பிடுற?"

"கிடைக்கிறத."

"எப்போ?"

"கிடைக்கிறப்போ."

"நல்லாருக்குடி. தெரு நாயும் இதே பதில்தான் சொல்லும், வாய் இருந்தா." மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் தட்டினாள். "கேட்டுக்கோ. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால இது. அப்புறம் ஒரு மணிக்கு உக்காந்து சாப்பிடுற. மாத்திரை உள்ள போனா அது பாட்டுக்குச் சர்க்கரைய இறக்கிக்கிட்டே போகும். நீ சாப்பிட்டியா, இல்ல வாய் பார்த்துட்டு நின்னியானு அது கேக்காது."

"சரிக்கா."

"சரின்னு சொல்லாத. செய்."

கூடையக்கா செய்தாள். பாதியை. அங்கேதான் அந்தக் கடையில் வேலை பார்க்கிறவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு நடந்தது. மாத்திரையை நேரம் தவறாமல் போட்டாள், அது டாக்டர் சமாச்சாரம். சாப்பாட்டைத் திரை காலியாகட்டும் என்று தள்ளிவைத்தாள், அது கடை சமாச்சாரம். ரெண்டும் வேறு வேறு கட்டம் என்றே நினைத்துவிட்டாள். எண்ணெய் சுடச்சுட நிற்கும்போது அந்த வேலையிலே ஊறிப்போனவளுக்கு அப்படித்தான் தோன்றும். மாத்திரை போட்டாயிற்று, வைத்தியம் முடிந்தது, இனி வேலை.

கொஞ்ச நாள் இப்படியே ஓடியது. கை நடுங்கும், ஒரு மடக்கு இனிப்புச் சோடா குடிப்பாள், நிற்கும். மறுபடி நடுங்கும்.

ஒரு மத்தியானம் வாசல் வரைக்கும் வரிசை. பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கியிருந்தார்கள். திரை மஞ்சளும் சிவப்புமாக எரிந்தது. கூடையக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த வியர்வைதான் ஆபத்தின் அறிகுறி, செல்லங்களே. ஆனால் எண்ணெய்த் தொட்டிக்கு முன்னால் யாருக்குத்தான் வேர்க்காது? ஒருவரும் கவனிக்கவில்லை. அவளே கவனிக்கவில்லை. கண் இருட்டியது. அப்போதும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? அண்ணாந்து திரையைப் பார்த்தாள், காலியாகிவிட்டதா என்று. பிறகு கூடையை இறக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு வெறும் கையை எண்ணெய்க்கு மேலே கொண்டுபோனாள்.

பொட்டலம் வாங்கத் திரும்பிய ஜன்னல் அண்ணன் அதைப் பார்த்தார். ஹெட்போன் கம்பி அறுந்துபோகிற அளவுக்குப் பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் கொக்கியில் மாட்டியிருந்த கூடை தொட்டியில் விழுந்து எண்ணெய் தெறித்தது. அவள் கை முழங்கை முதல் மணிக்கட்டு வரை அங்கங்கே வெந்துபோனது. சில்லறை ஓடிவந்து, காபிக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்களைக் கிழித்துக் கிழித்து அவள் வாயில் கொட்டினாள். "முழுங்குக்கா, முழுங்கு, சப்பிக்கிட்டே இரு" என்று அழுதாள்.

வினாடி ஓடிவந்தான். தரையில் கிடந்த கூடையக்காவைப் பார்த்தான். திரையைப் பார்த்தான்.

"முழுசா சிவப்பாயிடுச்சே" என்றான்.

கெட்டவன் இல்லை அவன். அவனுக்கு முதலில் வந்த வார்த்தை அதுதான், அவ்வளவே. அடுத்த கணமே அவனும் மண்டியிட்டு அவள் தலையைத் தாங்கிக்கொண்டான். ஆனால் முதலில் வந்த வார்த்தை கூடையக்காவின் காதில் விழுந்துவிட்டது. வெந்த கை ஆறினாலும் அது ஆறவில்லை.

டோஸ் அக்கா கட்டுப் போட்டபோது திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசியில், "நான் வேணும்னா உங்க கம்பெனிக்கு எழுதறேன்" என்றாள்.

"வேணாங்க்கா. நீங்க எழுதுவீங்க, அவங்க பதில் எழுதுவாங்க, அதுக்கு நீங்க பதில் எழுதுவீங்க. அதுக்குள்ள என் வயிறு எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாஸாகிடும். நானே பார்த்துக்கிறேன்."

வீட்டில் புருஷன் வேறு மாதிரி சொன்னான். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். அதிகம் பேசமாட்டான். பேசினால் முடிவாகத்தான் பேசுவான்.

"வேலைய விட்டுடு."

"ஏன் விடணும்? நல்லா வேல செய்யுறேன். விட்டுட்டு வேற கடைக்குப் போனா அங்க மட்டும் வாழை இலை போட்டு வச்சிருக்காங்களா? அங்கயும் ஒரு திரை தொங்கும்."

"அப்போ என்ன பண்ணப் போற?"

"சாப்பிடப் போறேன்."

"எங்க?"

"அங்கயே. வேலையையும் விடமாட்டேன், சாப்பாட்டையும் விடமாட்டேன். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோனு சொல்றதுக்கு நான் என்ன பந்தயத்துலயா இருக்கேன்?"

 அவன் எழுந்து போய்க் கத்தியை எடுத்துக் காய் நறுக்க உட்கார்ந்தான். அவள் கையில் கட்டு இருந்ததே. லிஃப்ட் கம்பி வெட்டுகிற கை, பீன்ஸை எல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டியது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஸ்கேல் வேணுமா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அதுவரை ராத்திரிச் சாப்பாடென்றால் கடையில் மிஞ்சிய பர்கர்தான், ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு நேரத்தில். அன்று மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பீன்ஸ் சரியாக வேகவில்லை. ஆனாலும் தட்டுகள் காலியாயின.

கட்டுப் பிரித்து அவள் வேலைக்குத் திரும்பிய நாள். மணி ஒன்று. கூடைகளைத் தூக்கி உதறிக் கொக்கியில் மாட்டினாள். கையைக் கழுவினாள். தூக்குப் பாத்திரத்தை எடுத்தாள்.

"எங்கக்கா போறீங்க?" வினாடி கதவை மறித்தான்.

"சாப்பிட."

"திரைய பாருங்க!"

"பார்த்தேன் தம்பி. அன்னிக்கும் பார்த்தேன். அது என்னைப் பார்க்கல."

"சரி, ரெண்டு நிமிஷம் அந்தக் குளிர் ரூம் கதவுக்குப் பின்னால நின்னு..."

"நிக்கிறதுக்குக் கால் இருக்கு. சாப்பிட உக்காரணும். பணியாளர் ரூமுல உக்காரலாம்னா கோப்பைங்களோட சண்டை போடணும். அதுங்க என்னைவிட சீனியர்."

ஜன்னல் அண்ணன் அங்கிருந்தே சிரித்துவிட்டார். கூடையக்கா வினாடியைச் சுற்றிக்கொண்டு, முன்பக்கம் போய், கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சீருடையோடு. எண்ணெய் மணக்க. பணியாளர்கள் வாடிக்கையாளர் கூடத்தில் உட்காரக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம் இருந்தது. அவள் பாத்திரத்தைத் திறந்தாள். பயறு, கீரை, அவித்த முட்டை. நிதானமாக மென்றாள்.

கூடமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசையில் ஒரு தடித்த மனிதர் பர்கரைப் பாதியில் நிறுத்தி, "ஏம்மா, இது எத்தனாம் நம்பர் மீலு? போர்டுல இல்லையே" என்று கேட்டார்.

"இது வீட்டு நம்பர்ங்க" என்றாள் கூடையக்கா.

அவள் இல்லாத நேரத்தில் வினாடியே கூடையைப் பிடித்தான். முதல் கூடை பச்சையாக வந்தது. ரெண்டாவது கரிக்கட்டையாக வந்தது. மூன்றாவதை உதறுகிறேன் என்று சட்டை முழுக்க எண்ணெய் ஆக்கிக்கொண்டான். அவள் திரும்பி வந்து அவன் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாளும் ஒரு மணிக்குப் போனாள். அதற்கடுத்த நாளும். வினாடி கெஞ்சினான், பிறகு முறைத்தான், பிறகு அவளைத் தொட்டியிலிருந்து தூக்கிக் கழிப்பறை கழுவப் போட்டான். "சரி" என்றாள். கழுவினாள். ஒரு மணிக்குக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கழிப்பறை பளபளத்தது, ஃப்ரைஸ் கருகியது. திரும்பவும் தொட்டிக்கே கொண்டுவந்தான்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பம் உள்ளவர்கள், பயம் இருக்காதா? "உனக்கென்ன கூடை, உனக்குச் சர்க்கரை இருக்கு, சொல்லிக்கலாம். எனக்கு என்ன இருக்கு, சொல்ல?" என்றார் ஜன்னல் அண்ணன்.

"உங்களுக்கு வயிறு இருக்குல்ல?" என்றாள் அவள்.

அவர் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் நகரசபை ஒரு சுகாதார வாரம் கொண்டாடியது. கம்பெனியின் வட்டார அதிகாரிக்கு ஒரு யோசனை. ஊரே நம் தீனியைக் குறை சொல்கிறது, நாமும் சுகாதாரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் என்ன? நம் கூடத்திலேயே தொடக்க விழா வைக்கட்டும், வருகிறவர்களுக்கு இலவசமாகச் சர்க்கரைப் பரிசோதனை செய்யட்டும் என்று நகரசபையிடம் சொல்லிவிட்டார். கடையில் வேலை பார்க்கிறவர்கள் அவரைப் பெரியவர் என்பார்கள். கோட்டு போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கண்ணாடிச் சுவரில் பெரிய பச்சைப் பதாகை கட்டினார்கள். அதில் கொட்டை எழுத்தில்: "நேரத்துக்குச் சாப்பிடுவோம், நலமாக வாழ்வோம்." விழா நேரம், பகல் ஒரு மணி.

சிரிக்காதீர்கள், கேளுங்கள்.

விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் பெரியவர் கூடையக்காவைக் கூப்பிட்டார். "நீதானேம்மா அந்த ஒரு மணி ஆளு? இன்னிக்கு மட்டும் கூடத்துப் பக்கம் வராத. போட்டோ எடுப்பாங்க. வந்தா, வேலை இருக்காது. நான் ஒரு தடவைதான் சொல்லுவேன்."

"சார், விழா முடிய எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது ஆகும், ரெண்டு மூணு மணி நேரம்."

"மாத்திரை போட்டுட்டனே சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

"ஆமா சார்" என்றாள் கூடையக்கா. "உங்களுக்குத் தெரியாதுதான்."

விழா ஒரு மணிக்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. நகரசபை சுகாதார அதிகாரி வந்தார். டோஸ் அக்கா வெள்ளைச் சீருடையில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்கள் விரலையெல்லாம் ஊசியால் குத்திக்கொண்டிருந்தாள். பெரியவர் பதாகைக்குக் கீழே நின்று, நேரத்துக்குச் சாப்பிடுவது எவ்வளவு முக்கியம் என்று பேச ஆரம்பித்தார். ஒலிபெருக்கி நன்றாக இருந்தது. சமையலறை வரைக்கும் கேட்டது.

கடிகாரத்தில் ஒரு மணி.

கூடைகள் கொக்கிக்குப் போயின. சில்லறை அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, இன்னிக்கு வேணாங்க்கா. குளிர் ரூமுக்குப் பின்னால நான் ஸ்டூல் போட்டுத் தரேன். யாருக்கும் தெரியாது. ஒரு நாள்தானே?"

"ஒரு நாள்தான்டி அன்னிக்கும்" என்று தழும்பு விழுந்த கையைக் காட்டினாள் கூடையக்கா. "இன்னிக்கு ஒளிஞ்சு சாப்பிட்டா, நாளைக்கு ஒளிஞ்சுதான் சாப்பிடணும். நான் எதையும் திருடல."

போனாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பதாகைக்கு நேர் கீழே இருந்த தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். பாத்திரத்தைத் திறந்தாள். பெரியவர் வாயில் "நேரத்துக்கு" என்ற சொல் பாதியில் நின்றது. படம் பிடிக்கிறவர்கள் கேமராவைத் தாழ்த்தினார்கள், பிறகு அவள் பக்கம் திருப்பினார்கள்.

பெரியவர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "எந்திரி."

"சாப்பிட்டுட்டு இருக்கேன் சார்."

"எந்திரின்னு சொல்றேன்ல?"

"நீங்க இப்போ என்ன பேசிட்டு இருந்தீங்களோ, அதத்தான் சார் நான் செஞ்சுட்டு இருக்கேன். நீங்க பேசுங்க. எனக்குத் தொந்தரவு இல்ல."

டோஸ் அக்கா கையில் ஊசியோடு நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "சார், அது என் பேஷன்ட். அவள எழுப்புனா அப்புறம் தூக்கிட்டுப் போக ஆள் தேடணும். நீங்க வாங்க, உங்க விரல நீட்டுங்க, உங்களுக்கு எவ்வளவு இருக்குனு பார்ப்போம். மூஞ்சி சரியில்ல." கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. சுகாதார அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பதாகையில் எழுதியிருந்ததை அப்போதுதான் முதல் தடவை படிக்கிறவர் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் வினாடியைக் கண்ணால் கூப்பிட்டார். காதில் ஏதோ சொன்னார். வினாடியின் முகம் காகிதம் மாதிரி வெளுத்தது. அவன் கூடையக்காவின் மேசைக்கு வந்தான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"அக்கா... இன்னிக்கோட உங்களுக்கு வேல இல்லைனு சொல்லச் சொன்னாரு."

கூடையக்காவின் வாய் அசைவது ஒரு கணம் நின்றது. மகளின் பள்ளி, வீட்டு வாடகை, எல்லாம் அந்த ஒரு கணத்தில் வந்து போயிருக்கும். எனக்கென்ன தெரியும். பிறகு மறுபடி மென்றாள்.

"சரி தம்பி. அந்தத் தண்ணி பாட்டில கொஞ்சம் இப்படித் தள்ளு."

அவன் தள்ளினான். மூடியைத் திறந்தும் கொடுத்தான்.

அவள் கடைசிக் கவளம் வரை சாப்பிட்டாள். வாடிக்கையாளர் கை கழுவும் இடத்திலேயே பாத்திரத்தைக் கழுவினாள். தொப்பியைக் கழற்றி வினாடி கையில் வைத்தாள். பணியாளர் எல்லோரும் பின்கதவால்தான் வருவார்கள், போவார்கள். அவள் முன்கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்தத் தடித்த மனிதர் எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாளா? கொஞ்சம் அழுதாள். அழாமல் இருக்க அவள் என்ன கல்லா? மறுநாள் வேறு வேலை தேடிக் கிளம்பினாள். தேடித் தேடி அந்த நாலு சாலைக்கே வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. கடைக்கு எதிரே கார் கழுவுகிற இடம், அதற்கு ஒரு குட்டைச் சுவர். அதில் உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தாள். போராட்டமும் இல்லை ஒன்றும் இல்லை, செல்லங்களே. ஒரு மணி ஆயிற்று, சாப்பிட்டாள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சுவர் ஜன்னல் அண்ணனின் ஜன்னலுக்கு நேர் எதிரில் இருந்தது.

அவர் பார்த்தார். அவளும் பார்த்தாள். பாத்திரத்தின் மூடியைச் சும்மா ஒரு தடவை தூக்கிக் காட்டினாள், "சாப்பிட வாங்க" என்று நாம் யாரைப் பார்த்தாலும் சொல்வோமே, அது மாதிரி. அண்ணன் காதுக்குள் ஏதோ ஒரு கார்க்காரர் எக்ஸ்ட்ரா சாஸ் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் ஹெட்போனைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"வினாடி தம்பி, நான் சாப்பிடப் போறேன்."

முகத்துக்கு நேராக அந்தப் பெயரைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கூடத்தில் போய் அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கார்கள் ஹாரன் அடித்தன. திரை சிவந்தது. அவர் திரும்பி வந்ததும் சில்லறை போனாள். அவள் பின்னால் பன் வாட்டுகிறவன். ஒருவர் வர, ஒருவர் போக, பேசிவைத்தது போல. உண்மையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. திரை அன்று மத்தியானம் முழுக்கச் சிவப்பாகவே இருந்தது. ஊரில் ஒருவரும் அதனால் செத்துப்போகவில்லை. ஃப்ரைஸ் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது.

தொட்டிக்குப் புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். அவளும் முதல் நாள் அதே கேள்வியைக் கேட்டாள். "எப்போ சாப்பிடலாம்?"

"ஒரு மணிக்கு" என்றாள் சில்லறை.

புதியவளுக்கு மூன்று தொட்டி முடியவில்லை. ரெண்டு பேரைப் போட்டார்கள், ரெண்டு பேரும் இடித்துக்கொண்டார்கள். கடைகளின் வேகப் போட்டியில் அந்தக் கடை எங்கோ கீழே போய்க் கிடந்தது. பெரியவர் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று போனில் கத்தினார். "அனுப்பிட்டு நீங்களே வந்து கூடையைப் பிடிங்க சார், நான் பிடிச்சுப் பார்த்துட்டேன்" என்று வினாடி சொன்னதாகச் சொல்கிறார்கள். அந்தப் பையன் வாயில் அப்படி ஒரு வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அப்புறம் ஒரு நாள். கூடையக்கா அதே சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்தது. பெரியவர் பெயர். அவள் ஒரு கவளம் எடுத்தாள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் முட்டையை ரெண்டாகப் பிட்டாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வினாடி சாலையைக் கடந்து ஓடிவந்தான், தன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "அக்கா, பெரியவர் லைன்ல இருக்காரு. உங்களத் திரும்ப வரச் சொல்றாரு. இன்னிக்கே. எடுங்கக்கா, ப்ளீஸ்."

"நான் சாப்பிட்டுட்டு இருக்கேன் தம்பி."

"ஒரே ஒரு வார்த்தைக்கா. வரேன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. வாயின் ஓரத்தில் மாத்திரையின் வெள்ளை.

"நீ சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"காலைலேருந்து?"

அவன் தலையை ஆட்டினான். போனுக்குள்ளிருந்து பெரியவரின் குரல் எறும்பு மாதிரி ஊர்ந்தது. கூடையக்கா நகர்ந்து உட்கார்ந்து சுவரில் இடம் விட்டாள். பாத்திரத்தின் மூடியில் பாதிப் பயறையும் ஒரு பாதி முட்டையையும் வைத்து நீட்டினாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். திரும்பிக் கடையைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். போனைக் காதில் வைத்தான்.

"சார், கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுறேன். சாப்பிட்டுட்டு இருக்கோம்."

"அவரையும் சாப்பிடச் சொல்லு" என்றாள் கூடையக்கா. "நேரம் ஆச்சு."

அவள் திரும்பிப் போனாள், சாப்பிட்டு முடித்த பிறகு, முன்கதவு வழியாக. கோப்பை அட்டைப்பெட்டிகள் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகைக்குப் போயின, பணியாளர் அறைக்கு ஒரு மேசை வந்தது. பெரியவர் அதைத் தன்னுடைய புதுத் திட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளட்டுமே. மேசை மேசைதானே.

சரி, என் செல்லங்களே, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு உங்களுக்காக எரியட்டும், அடுத்தவன் அவசரத்துக்காக அல்ல. உங்கள் வீட்டில் பசித்தவர் எவரும் நின்றுகொண்டு சாப்பிடாதிருக்கட்டும். வேலைக்குப் போன பிள்ளைகள் நேரத்துக்கு உண்டு, நல்ல கையோடும் நல்ல கண்ணோடும் வீடு திரும்பட்டும். யாராவது உங்களைச் சாப்பாட்டுக்கு நடுவே எழுப்ப வந்தால், அவருக்கும் ஒரு தட்டு வைக்கிற அளவுக்கு உங்கள் பானை நிறைந்திருக்கட்டும். நீங்கள் மட்டும் எழுந்துவிடாதீர்கள்.